பூனை மண்ணும் புரட்டாசிச் சனிக்கிழமையும்

ஒரு விஷயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவனுக்கு அந்த விஷயம் தெரியும் என்று வாசகர்கள் நம்புவது இயல்பு. எழுதியவனும் அப்படி நம்பத் தொடங்கும்போதுதான் விபத்து நடக்கிறது. என் விபத்து நடந்தது பெர்மாஸ் ஜெயாவில் உள்ள ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் குசினியில், அதாவது சமையலறையில். நாள், புரட்டாசிச் சனிக்கிழமை. நேரம், மதியப் பந்தி. (இதைவிட மோசமாக இடமும் நாளும் நேரமும் ஒருவன் தேர்ந்தெடுக்க முடியாது. நான் எந்த முயற்சியும் இல்லாமல் தேர்ந்தெடுத்தேன்.)

அப்போது நான் மலேசியாவில் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஜொகூர் மாநில நிருபர். கோயில் திருவிழா, சாலை விபத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி, நெடுஞ்சாலையில் கவிழ்ந்த செம்பனை லாரி என்று எது நடந்தாலும் நான்தான். தங்கியிருந்தது தெப்ராவில், அண்ணன் வீட்டில். அண்ணன் விடியும் முன்பே எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். அண்ணி வாசுகியும் அங்கேதான் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரசாயன நிபுணராக இருந்தார். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில், சிங்கப்பூருக்குக் கடக்கும் பாலத்து நெரிசலில் நின்று நின்று குடும்பம் நடத்தியவர்கள். பிறகு ஒருநாள் அண்ணி அந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். ஆய்வுப் பொருள்: களிமண்.

சொந்தக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. சிங்கப்பூர்ச் சம்பளத்தை விட்டுவிட்டு மண் பிசைகிறாளாம் என்று பாலோ ஊரிலிருந்து என் பெரியம்மா தொலைபேசியில் அழுதார். எனக்கு மட்டும் விளங்கியது. நான்தான் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருந்தேனே.

அந்தக் கட்டுரைக்காக அண்ணி எனக்குச் சாப்பாட்டு மேசையில் பாடம் எடுத்தார். "களிமண்ண அப்பளக் கட்டு மாதிரி நெனச்சுக்க தம்பி. மெல்லிசு மெல்லிசா அடுக்கி வச்சிருக்கும். அப்பளத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவுல இடம் இருக்கு. தண்ணி பட்டா அதுக்குள்ள பூந்து ஊதிடும். நான் அந்த எடத்துல வேற ஒன்ன வைக்கிறேன். முடிக்குப் போடுற கண்டிஷனர் இருக்கில்ல, அதோட சொந்தக்காரன். வச்சதும் மண்ணோட குணமே மாறிடும். தண்ணிய வேணாங்கும். எண்ணெய், சாயம், பூச்சி மருந்து, இதுங்கள மட்டும் இழுத்து உள்ள வச்சுக்கும், விடாது."

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு எழுதும்போது இடம் போதவில்லை. எதை வெட்டலாம் என்று பார்த்தேன். அப்பளம், கண்டிஷனர், குணம் மாறுவது எல்லாம் பொது வாசகருக்குக் கடினம் என்று முடிவு செய்து அந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிட்டேன். 'அழுக்கைக் குடிக்கும் களிமண்' என்று தலைப்பு வைத்தேன். அண்ணி படித்துவிட்டு, "நல்லாருக்கு. மண்ணு இருக்கு, நான் செஞ்சதுதான் காணோம்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அண்ணியின் ஆய்வுக்கு ஒரு தொழில் பங்காளி தேவைப்பட்டது. நிஜமான இடத்தில், நிஜமான அழுக்குத் தண்ணீரில் வேலை செய்கிறது என்று யாராவது ஒரு முதலாளி சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆய்வு அத்தோடு நிற்கும். அண்ணி மறுபடியும் பாலத்து நெரிசலுக்குப் போக வேண்டியதுதான். சாயப் பட்டறைக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் சரி என்றவர் மெய்யப்பன் அண்ணன். செட்டிநாட்டுப் பூர்விகம். ஜொகூர் பாருவில் மூன்று வாழையிலைக் கடைகள் அவருக்கு. பெரிய கடை பெர்மாஸ் ஜெயாவில்.

வாழையிலைக் கடையின் கழிவுநீரை நீங்கள் நின்று பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். சாம்பார், ரசம், தாளித்த எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் கலந்து, மஞ்சள் நிறத்தில், மினுமினுப்பாக ஓடும். மிதக்கும் கொழுப்பை எண்ணெய்த் தொட்டி பிடித்துவிடும். சவர்க்காரத்தோடு கரைந்துபோன எண்ணெயையும் மஞ்சள் சாயத்தையும் அது விட்டுவிடும். அவை நேராக லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கு. அண்ணி அந்தத் தொட்டிக்கும் லோங்காங்குக்கும் நடுவில் ஒரு நீலப் பீப்பாயை வைத்தார். உள்ளே ஒரு கம்பிக் கூடை, கூடையில் கரித்துகளோடு கலந்த அவருடைய களிமண். மஞ்சளாக உள்ளே போன தண்ணீர் நிறம் வெளுத்து வெளியே வந்தது. நான் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். அந்த நேரத்தில்தான் அண்ணி, "ஏதாச்சும் அடைச்சுக்கிட்டா இந்த மஞ்சக் கைப்பிடியத் திருப்பு தம்பி, தண்ணி பழைய வழியில போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதாகச் சாட்சிகள் உண்டு. நான் கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் பீப்பாய் ஒழுங்காக ஓடியது. மெய்யப்பன் அண்ணன் மட்டும் அசரவில்லை.

"சாதா நாள்ல ஓடுறது பெருசில்லம்மா. புரட்டாசிச் சனிக்கிழமை வரட்டும். ஜொகூரே விரதம் இருக்கும், அம்புட்டுப் பேரும் என் கடைக்கு வருவாங்க. அன்னிக்குத் தாங்குச்சுன்னா மூணு கடையிலயும் வைக்கிறேன், நீ கேட்ட கையெழுத்தும் போடுறேன். தாங்கலன்னா கழட்டிக்கிட்டுப் போயிரணும். சரியா?"

"சரிண்ணே" என்றார் அண்ணி.

இங்கேதான் நான் வருகிறேன். அதே சனிக்கிழமை காலை அண்ணி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் முன் நிற்க வேண்டியிருந்தது. கூடையில் இருந்த பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண்ணை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, கரித்துகளும் கலந்து தயாராக ஒரு சாக்கு மண்ணை என்னிடம் ஒப்படைத்தார். "மழ வரும்போல இருக்கு, காருல ஏத்திரு தம்பி" என்றார். ஏற்றுகிறேன் என்றேன். காலையில் ஏற்றலாம் என்று வாசலில் வைத்தேன். இரவில் மழை பெய்தது. ஜொகூர் மழைக்கு இரக்கம் கிடையாது.

காலையில் பார்த்தால் சாக்கின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே மண் மேல் தண்ணீர். இந்த இடத்தில் என் கண் தன் கடமையைச் சரியாகச் செய்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தண்ணீர் மண்ணில் ஊறவில்லை. சேம்பிலை மேல் நிற்கிற மாதிரி முத்து முத்தாக உருண்டு நின்றது. சாக்கைச் சாய்த்ததும் வழுக்கிக் கீழே ஓடியது. மிக அழகாக இருந்தது. இதையெல்லாம் துல்லியமாகக் கவனித்துவிட்டு, மண் நனைந்து வீணாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

பயம் வந்தது. அண்ணியை அழைக்கலாம், அவர் பேராசிரியர்கள் முன் நிற்கப் போகிறவர், கலங்கிவிடுவார். (இது அப்போது சொல்லிக்கொண்ட காரணம். நிஜக் காரணம், திட்டு விழும்.) அப்போது ஒரு வரி நினைவுக்கு வந்தது. என் கட்டுரையில் நானே எழுதிய வரி. 'இந்தக் களிமண்ணின் பெயர் பென்டோனைட். பூனை வளர்ப்போர் வீட்டுக்கு வாங்கிப் போடும் மண்ணும் இதே இனம்தான்.'

இதே இனம்தான்! அச்சில் வந்த வரி வேறு. நனைந்த சாக்கைக் காரின் பின்பெட்டியில் ஒளித்துவிட்டு, போகிற வழியில் பிராணிகள் கடையில் நிறுத்தினேன். கடைக்காரப் பெண் மலாய் மொழியில் எத்தனை பூனை என்று கேட்டார். பூனையே இல்லை என்றேன். ஈரம் பட்டால் கட்டியாகும் ரகம் வேண்டுமா, சாதாரண ரகமா என்றார். கட்டியாவது எப்போதும் தரத்தின் அடையாளம் என்று தோன்றியது. லாவண்டர் வாசனை உண்டு என்று அவர் சொன்னதும், கழிவுநீருக்கு இதுவும் ஒரு கூடுதல் நன்மை என்று மகிழ்ந்தேன்.

கடைக்குப் போய்க் கூடையை மாற்றினேன். சாம்பல் நிறக் குருணை, நடுவில் ஊதாப் புள்ளிகள். மெய்யப்பன் அண்ணன் பட்டை விபூதியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னிக்குப் பூ வாசம் அடிக்குது?"

"அண்ணியோட புது கலவைண்ணே."

"அட! சாம்பிராணி வாசத்துலயும் ஒன்னு போடச் சொல்லு லா. சனிக்கிழமைக்குப் பொருத்தமா இருக்கும்."

முதல் பந்தி உட்கார்ந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் பாக்கியம் அக்கா குழாய்களைத் திறந்தார். நான் பீப்பாய் அருகே கைப்பேசியோடு நின்றேன், வெற்றியைப் படம் எடுக்க.

பதப்படுத்தாத பென்டோனைட் தண்ணீர் குடித்தால் ஊதும் என்று அண்ணி சொன்னாரே, அதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. குருணை கொழகொழத்தது. கொழகொழத்தது பருத்தது. பருத்தது கூடையை நிரப்பி, பீப்பாயின் சுவரோடு ஒட்டி, ஒரு சொட்டுக்கூட வழி விடாமல் அடைத்துக்கொண்டது. குளம் வெட்டுகிறவர்கள் தண்ணீர் ஒழுகாமல் இருக்க இந்த மண்ணைத்தான் அடியில் கொட்டுவார்களாம். பின்னால் அண்ணி சொல்லித் தெரிந்தது. அதாவது, மெய்யப்பன் அண்ணன் கடையின் ஒரே வடிகாலில் நான் ஓர் அணை கட்டியிருந்தேன். வாசனையுள்ள அணை.

முதலில் எண்ணெய்த் தொட்டி நிரம்பியது. பிறகு கழுவும் தொட்டியில் தண்ணீர் கீழே போக மறுத்தது. பிறகு தரையில் இருந்த ஓட்டை வழியாகத் திரும்பி மேலே வந்தது.

"அலமாக்! தம்பி, என்னா பண்ணுனீங்க? தண்ணி எறங்கல, ஏறுது!" என்று பாக்கியம் அக்கா கத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, மண்ணு குடிச்சுக்கிட்டு இருக்கு."

"அது குடிச்சது போதும் தம்பி! இப்ப வாந்தி எடுக்குது!"

சாம்பார் வாளியில் போடும் நீளக் கரண்டி ஒன்றை எடுத்துப் பீப்பாயைக் குத்தினேன். கூழ் இன்னும் மென்மையாகி இன்னும் நன்றாக அடைத்தது. மஞ்சள் கைப்பிடி என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதில் என் சட்டை ஒருமுறை மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு மறுபடி குத்தினேன்.

தண்ணீர் குசினியைத் தாண்டிப் பந்திக்குப் போனது. ஓடும் தண்ணீரை முகத்தில் அதிர்ச்சியோடு பார்க்கும் மக்கள் கூட்டத்தை நான் வெள்ளச் செய்திகளில் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி யாரும் அதிரவில்லை. விரதச் சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது. முதல் வரிசையில் இருந்த பெரியவர் செருப்பைக் கழற்றி மேசை மேல் வைக்கப் போய், இலையைப் பார்த்து மனம் மாறி, மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் சம்மணம் போட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துச் செய்தார்கள். ஒரு நிமிடத்தில் கடையே சம்மணத்துக்கு மாறியது. "இங்க ரசம் வரல" என்று ஒரு குரல் கேட்டது. லாவண்டர் கலந்த சாம்பார்த் தண்ணீர் நாற்காலிகளுக்கு அடியில் அமைதியாக நகர்ந்தது.

மெய்யப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வாசுகிக்குப் போன் போடு. வந்து கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

போட வேண்டியிருக்கவில்லை. அண்ணி வாசலில் நின்றிருந்தார். பேராசிரியர்கள் முன் நின்ற அதே சேலையில், கையில் செருப்போடு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நிருபர் வேலையில் எத்தனையோ பேரை நெருக்கடியில் பார்த்தவன் நான். சிலர் அழுவார்கள், சிலர் குற்றவாளியைத் தேடுவார்கள், சிலர் என்னைப் பார்த்துப் பேட்டி கொடுப்பார்கள். அண்ணி மூன்றையும் செய்யவில்லை. நேராக வந்து மஞ்சள் கைப்பிடியைத் திருப்பினார். லோங்காங் பக்கம் ஒரு பெரிய ஏப்பச் சத்தம் கேட்டது. தரையில் இருந்த தண்ணீர் வந்த வழியே இறங்கத் தொடங்கியது. பிறகு பீப்பாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். விரல்களுக்கு நடுவே நசுக்கினார். முகர்ந்தார்.

"பூனை மண்ணா?"

தலையசைத்தேன்.

"என் மண்ணு?"

"மழையில நனஞ்சிருச்சு அண்ணி. வீணாயிருச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரே பாடத்தை மறுபடி நடத்த நேர்ந்தவரின் களைப்பு மட்டும் இருந்தது.

"தம்பி, அது தண்ணிய வேணாங்குற மண்ணு. ஒரு வருசம் ஒக்காந்து அத அப்படிப் பழக்கியிருக்கேன். மழையில எப்படிடா வீணாகும்? எங்க அது?"

"கார் பின்பெட்டியில."

"போய்க் கொண்டா." பிறகு மெய்யப்பன் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, கழட்டத்தான் போறேன். ஆனா மறுபடி மாட்டுறேன். அரை மணி நேரம் குடுங்க."

"என்னாம்மா பேசுற? ரெண்டாம் பந்தி காத்திருக்கு. ஒரு தடவ ஊர்முன்னால மானம் போனது பத்தாதா?"

"கைப்பிடி திருப்பியிருக்கு, தண்ணி பழைய வழியில போகுது. பந்தி நிக்காது. அரை மணி நேரத்துல சரியா வரலன்னா நானே தூக்கிட்டுப் போறேன். திரும்ப வந்து கேக்க மாட்டேன்."

மெய்யப்பன் அண்ணன் தரையைப் பார்த்தார். தண்ணீர் இறங்கியிருந்தது. "அரை மணி" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை என் கையில் கொடுத்தார்.

அண்ணி சேலையைச் சொருகிக்கொண்டு, கூழை இரண்டு கையாலும் வாரி வாளியில் போட்டார். கூடையைக் கழுவினார். சாக்கில் மேலாக இருந்த மண் இன்னும் ஈரமாக மினுங்கியது. உதறியதும் துளிகள் சிதறின. உள்ளே கையை விட்டால் காய்ந்த பொடி. அதை அவர் கூடையில் போட்டது, தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற பக்குவத்தோடு இருந்தது. நான் துடைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

பீப்பாயை மூடிக் கைப்பிடியைத் திருப்பும் முன், அவர் மெய்யப்பன் அண்ணனைக் கூப்பிட்டார். இரண்டு கண்ணாடிக் கிளாஸில் கழுவும் தொட்டித் தண்ணீரை மொண்டார். மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. ஒன்றில் என் பையில் மிச்சமிருந்த பூனை மண்ணில் ஒரு கரண்டி. மற்றதில் தன் மண்ணில் ஒரு கரண்டி.

"ரெண்டும் ஒரே மண்ணுண்ணே. ஒன்னு எடுத்தபடி இருக்கு. இன்னொன்னு நான் வேலை பண்ணுனது. பாருங்க."

முதல் கிளாஸில் மண் ஊதிக் கஞ்சியாயிற்று. இரண்டாவதில் மண் தண்ணீருக்குள் இறங்கவே மறுத்து மேலே மிதந்தது. அண்ணி கரண்டிக் காம்பால் கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். மெல்ல, எண்ணெயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அது கட்டிகட்டியாக அடியில் போய் உட்கார்ந்தது. மேலே நின்ற தண்ணீர் முழுத் தெளிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளாஸுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில், 'புரட்டாசி' என்ற எழுத்தைப் படிக்க முடிந்தது. மற்றக் கிளாஸ் வழியாகச் சுவரே தெரியவில்லை.

மெய்யப்பன் அண்ணன் இரண்டு கிளாஸையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இத்தன மாசமா அப்பளம், கண்டிஷனர்னு என்னென்னமோ சொன்னியேம்மா. இத மொதல்லயே காட்டியிருந்தா?"

"பூனை மண்ண இதுல கொண்டாந்து போடுவாங்கன்னு எனக்குத் தோணலைண்ணே" என்றார் அண்ணி.

பாக்கியம் அக்கா முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அண்ணி கைப்பிடியைத் திருப்பினார். இரண்டாம் பந்தியின் தண்ணீர் பீப்பாய்க்குள் போய், லோங்காங் பக்கம் வெளுத்து வந்து விழுந்தது. மூன்றாம் பந்திக்கும் அப்படியே. கடை மூடும்வரை அண்ணி அங்கேயே நின்றார். மஞ்சள் பிசுக்கேறிய அந்தப் பட்டுச் சேலையோடு, தன் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு. நான் பார்த்த மனிதர்களில், தான் செய்வது இன்னது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் என் வீட்டிலேயே எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் உறைத்தது.

அன்று மாலை அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து கதையைக் கேட்டார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். குளியலறைக்குள் இருந்து வெகு நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுவாரம் மெய்யப்பன் அண்ணன் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. மூன்று கடையிலும் பீப்பாய் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், இந்தத் தம்பியைத் தவிர. "சாப்பிட வரட்டும். எல போட்டு நானே பரிமாறுறேன். குசினி வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அண்ணி மறுபடி பாலத்தைக் கடக்கவில்லை. ஆய்வை முடித்து, இன்று தெப்ராவில் சொந்தமாக ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அன்று காப்பி கொடுத்து அனுப்பிய சாயப் பட்டறைக்காரர்கள் இப்போது அங்கே வந்து காத்திருக்கிறார்கள். அண்ணி அவர்களுக்குக் காப்பி கொடுக்கிறார். பெரியம்மா பாலோ முழுக்க, எங்க வீட்டுப் பொண்ணு மண்ண வச்சு ஆத்தக் கழுவுது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் அந்தக் கட்டுரையை மறுபடி எழுதினேன், வெட்டிய பத்தியோடு. ஆசிரியர் அதில் வேறொரு பத்தியை வெட்டினார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. விருந்துக்குச் சமைத்தவர் மெய்யப்பன் அண்ணன். பாயசம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, பட்டு வேட்டியும் மாலையுமாக மண்டபத்துக் குசினிப் பக்கம் போனேன். வாசலில் அவர் கையை நீட்டி மறித்தார்.

"மாப்பிள்ளையா இருந்தாலும் வெளியதான்."

மணப்பெண் ஏன் என்று கேட்டாள். அண்ணி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னார். லாவண்டரைக்கூட விடவில்லை. என் மனைவி கடைசிவரை சிரிக்காமல் கேட்டாள். பிறகு எழுந்து, முகூர்த்தப் புடவையோடு குசினி வாசலுக்குப் போய் மெய்யப்பன் அண்ணனிடம் விசாரித்தாள்.

"அண்ணே, இந்தத் தடை உங்க கடைக்கு மட்டுமா? வீட்டுக்கும் போட்டுக்கலாமா?"

"தாராளமா போட்டுக்கம்மா. அனுபவத்துல சொல்றேன்."

அன்று போட்டது இன்னும் அமலில் இருக்கிறது. விருந்தினர் வரும் நாட்களில், சாப்பிட்ட தட்டோடு நான் கழுவும் தொட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தால் போதும், அண்ணன், அண்ணி, என் மனைவி மூவரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "கீழ வை!" விஷயம் தெரியாத விருந்தினர்கள் முகத்தில், வீட்டு வேலையே தெரியாமல் வளர்ந்த ஆண்பிள்ளை என்ற அருவருப்பைப் பார்க்கிறேன். விளக்கம் சொல்லலாம். ஆனால் வாயைத் திறப்பதற்குள், அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பளக் கட்டிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்.